அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை விளக்க உதவி தேவை

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் அரசியல் அறிவியல் சொல்லித் தருகிறேன். அந்த அட்டவணையில் அதிகாரங்களைப் பிரித்துக் கொடுக்கும் மத்திய, மாநிலப் பட்டியல்களை மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். நேற்று ஒரு மாணவி, "ஆழியாற்றுத் தண்ணீர் யார் அதிகாரம் டீச்சர்?" என்று கேட்டாள்.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17ஆவது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் 56ஆவது. அதுவரை சொல்லிவிட்டேன். சரி, அப்படியென்றால் 1970இல் தமிழ்நாடு, கேரளம் இரண்டும் தாங்களே ஒப்பந்தம் போட்டு, மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று எப்படி முடிவுசெய்தன என்றாள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வயல்கள் நம்பியிருக்கும் தண்ணீர் அது, அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

மாநிலங்களுக்கு இடையிலான ஆற்று நீர்த் தகராறுகள் பற்றிய 262ஆவது பிரிவை எளிமையாக விளக்கத் தெரிந்தவர்கள், ஏழாவது அட்டவணையின் நல்ல தமிழாக்கம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அடுத்த வகுப்பு.