குழுவில் சேர்ந்த பின்னும் வீட்டில் தானியம் தங்கவில்லை: என்ன செய்யலாம்?

செம்மேட்டு உழவர்:
வணக்கம். கொல்லிமலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுநிலம் உண்டு. 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுவில் என் கணவர் சேர்ந்தார். அத்தகைய ஐந்து குழுக்கள் இணைந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவானதும், அரசு தந்த 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியில் பவர் டில்லர் வாங்கினோம். உழவுச் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் நிலம் முழுவதும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் மரவள்ளியாகிவிட்டது; பத்து மாதம் காத்திருந்து மொத்தமாக வாங்கும் பணம் கடனுக்கே சரியாகப் போகிறது. ஆடி, ஆவணியில் ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டால் கடையில் கடன் சொல்லித்தான் உலை வைக்கிறோம். வீட்டுச் சாப்பாட்டுக்குக் குழு வழியாக ஏதும் செய்ய முடியுமா?

நாமக்கல் களப்பணியாளர்:
சகோதரி, அந்தக் குழுக்கள் இடுபொருளைச் சேர்ந்து வாங்கவும் விளைச்சலைச் சேர்ந்து விற்கவும் அமைக்கப்பட்டவை. வீட்டுக்கு எவ்வளவு தானியம் நிற்கிறது என்ற கணக்கை நீங்களே முன்வைத்தால் ஒழிய அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் மலையில் சாமை குறைந்ததற்கு மரவள்ளியின் விலை மட்டும் காரணமன்று. உரலில் இட்டு உமி நீக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்க்குழுக்களிடம் கொடுத்தது அதனால்தான். அரை ஏக்கரிலாவது சாமையும் கேழ்வரகும் ஊடே அவரையும் போடுங்கள். சாமையை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஜகீராபாத் சென்று வந்தவர்:
தெலங்கானாவில் தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தின் தலித் பெண்கள் குழுக்கள் 1990களில் செய்ததைச் சொல்கிறேன். தரிசைத் திருத்தக் கடன் வாங்கியவர்கள் அதைப் பணமாக அல்லாமல் சோளமாகத் திருப்பினார்கள். அந்தச் சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, பஞ்ச மாதங்களில் மிக ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் போய்ச் சேர்ந்தது. யார் மிக ஏழை என்பதையும் ஊரார் கூடியே முடிவுசெய்தார்கள். எனக்கு இதுதான் மிகப் பெரிய செய்தியாகப்பட்டது.

செம்மேட்டு உழவர்:
இருவருக்கும் நன்றி. டில்லர் வாடகையில் ஒரு பங்கைச் சாமையாகவே வாங்கி ஊர்க் குதிரில் வைக்கலாமா என்று வரும் கூட்டத்தில் கேட்கச் சொல்கிறேன். கணவரோடு நானும் போகிறேன்.