வெல்டிங் மெஷின் ஓடும்போது 20 ஆம்பியர் எம்.சி.பி. டிரிப் ஆகிறது: 32 ஆம்பியர் போடலாமா?

கேள்வி

வீட்டை ஒட்டிய கொட்டகையில் சில்லறை இரும்பு வேலைகளுக்காக ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கியிருக்கிறேன். அதன் பெயர்ப்பலகையில் 230 வோல்ட் என்றும், 160 ஆம்பியர் வெல்டிங்குக்கு ட்யூட்டி சைக்கிள் (பத்து நிமிடத்தில் பற்றவைக்கக்கூடிய நேரத்தின் பங்கு) 35 சதவீதம் என்றும், உள்ளீட்டு மின்னோட்டம் அதிகபட்சம் 34 ஆம்பியர், பயனுறு அளவு 20 ஆம்பியர் என்றும் இருக்கிறது. கொட்டகையின் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் வருகிறது. குளியலறையின் 3,000 வாட் வாட்டர் ஹீட்டரும் அதே லைனில்தான் உள்ளது. இரண்டுக்கும் சேர்த்து 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் லைனைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர்) ஒன்று இருக்கிறது.

ஹீட்டர் ஓடும்போது வெல்டிங் தொடங்கினால் ஒரு நிமிடத்துக்குள் டிரிப் ஆகிவிடுகிறது. ஹீட்டரை அணைத்துவிட்டால் சிறிது நேரம் தாங்குகிறது. தடித்த ராடு போட்டுத் தொடர்ந்து பற்றவைத்தால் மறுபடியும் விழுகிறது. மெஷினை ஆன் செய்யும் நொடியில் இதுவரை டிரிப் ஆனதில்லை. 32 ஆம்பியர் எம்.சி.பி. மாற்றச் சொல்கிறார் ஒருவர். 20 ஆம்பியரிலேயே டி வகை போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில் 1

இரண்டையும் செய்ய வேண்டாம். ஆன் செய்யும் நொடியில் டிரிப் ஆவதில்லை என்று நீங்கள் சொல்லியிருப்பதிலிருந்தே காரணம் தெரிகிறது. எம்.சி.பி.க்குள் இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன: மிகை மின்னோட்டத்தில் மெல்லச் சூடாகி வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று, ஷார்ட் சர்க்யூட் போன்ற பெரும் பாய்ச்சலில் உடனே இழுத்துவிடும் காந்தச் சுருள் மற்றொன்று. எம்.சி.பி.யின் ஆம்பியர் அளவைப் போல எத்தனை மடங்கில் உடனே விழும் என்பதற்கு, பி வகையில் 3 முதல் 5 மடங்கு, சி வகையில் 5 முதல் 10 மடங்கு, டி வகையில் 10 முதல் 20 மடங்கு என்று சொல்லப்படும் வேறுபாடு சுருளுக்கு மட்டுமே உரியது. பட்டையின் நடத்தை மூன்றிலும் ஒன்றுதான். உங்களிடம் விழுவது பட்டையால் என்பதால், டி வகையை மாட்டினாலும் அதே நேரத்தில் அதுவும் விழும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஆன் செய்த கணமே எம்.சி.பி.யைத் தட்டிவிடுமானால், அப்போது டி வகையைப் பற்றி யோசிக்கலாம்.

இனி 32 ஆம்பியர். ஹீட்டருக்கு 13, வெல்டிங்குக்கு 34, ஆக உச்சத்தில் 47 ஆம்பியர் வரை போகிறது. எம்.சி.பி.களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60898-இன்படி 32 ஆம்பியர் எம்.சி.பி., அதன் 1.13 மடங்கான 36 ஆம்பியரில் ஒரு மணி நேரம் டிரிப் ஆகாமல் இருக்க வேண்டும், 1.45 மடங்கான 46 ஆம்பியரில்கூட விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். சுவரில் பைப்புக்குள் போகும் 2.5 சதுர மி.மீ. ஒயரின் தாங்குதிறனோ 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 24 ஆம்பியர்தான். எம்.சி.பி. பேசாமல் இருக்க, ஒயரின் பி.வி.சி. உறை வெந்துகொண்டிருக்கும். எம்.சி.பி. காப்பது ஒயரை. எனவே மெஷினின் தேவையைப் பார்த்து ஒயரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒயருக்கு மிகாத எம்.சி.பி.யைப் போடுவதே முறை.

பதில் 2

மெஷினின் பயனுறு மின்னோட்டம் 20 ஆம்பியர்தானே? பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் மட்டுமே 34 ஆம்பியர் எடுக்கும். 34-ஐ 0.35-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 20 வருகிறது. ஒயர் சூடாவது அந்த 20-க்கு ஏற்பத்தான். அமெரிக்க விதித்தொகுப்பான என்.இ.சி.யின் 630ஆம் பிரிவுகூட வெல்டிங் மெஷின் லைனில் ஒயரின் தாங்குதிறனைப் போல இரண்டு மடங்கு வரை பிரேக்கர் போட அனுமதிக்கிறது. ஹீட்டரைப் பிரித்துவிட்டால் 2.5-இலேயே 32 போடலாம் என்பது என் கருத்து.

பதில் 1

கணக்கு சரி, ஆனால் அந்தச் சலுகை வெல்டிங் மெஷினுக்கு மட்டுமே உரிய லைனுக்குத்தான். கொட்டகையில் சாக்கெட் இருக்கும் வரை நாளை யாராவது இரண்டு ஹீட்டர்களை மல்டி பிளக்கில் மாட்டி இடைவெளியில்லாமல் ஓட்டலாம். அப்போது 35 சதவீதம் என்ற நிபந்தனை எங்கே இருக்கும்? மேலும் 16 ஆம்பியர் சாக்கெட்டின் வழியாக 34 ஆம்பியரை இழுப்பது எவ்வகையிலும் பொருந்தாது. பல இடங்களில் முதலில் கருகுவது ஒயரைவிட அந்தச் சாக்கெட்டின் பித்தளைத் தொடுமுனைகள்தான்.

மெஷினுக்கென்று பிரதான பெட்டியிலிருந்து தனி லைன் இழுங்கள். 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் பைப்புக்குள் 41 ஆம்பியர் தாங்கும். சூழல் 40 டிகிரி என்றால் 0.87-ஆல் பெருக்கி 35 என்று கொள்ளலாம். அதற்கு 32 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. பொருந்தும், 34 ஆம்பியர் அதன் 1.13 மடங்கு எல்லைக்குள் வருவதால் வேலையின் நடுவிலும் விழாது. 4 சதுர மி.மீ. போட்டால் அதே வெப்பத்தில் 28-க்கும் குறைந்துவிடும். அதே பைப்பில் வேறொரு லைனையும் சேர்த்தால் மேலும் 0.8-ஆல் குறையும் என்பதால், 6 சதுர மி.மீ.கூடப் போதாமல் போகும். ஆகவே தனிப் பைப்பே நல்லது. முனையில் 32 ஆம்பியர் நீலநிறத் தொழிற்சாலை வகை சாக்கெட் வையுங்கள். ஹீட்டர் பழைய 2.5 ஒயரிலேயே இருக்கட்டும், அதன் எம்.சி.பி.யை 16 ஆம்பியராகக் குறைத்துவிட்டால், கொட்டகையின் பழைய சாக்கெட்டுக்கும் அதுவே பாதுகாப்பு.

பதில் 3

எர்த்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சி வகை 32 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழுவது உறுதி என்று சொல்ல 320 ஆம்பியர் பாய வேண்டும். அதற்கு எர்த் பாதையின் மொத்தத் தடை 0.72 ஓமுக்குள் இருக்க வேண்டும். டி வகை என்றால் அது 0.36 ஓம். மண்ணில் அடித்த கம்பியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், மெஷினின் உடலில் ஃபேஸ் பட்டாலும் 46 ஆம்பியர்தான் பாயும், எம்.சி.பி. உடனே விழாது. எனவே மின்கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஆர்.சி.சி.பி. மிகை மின்னோட்டத்தைக் கவனிக்காது என்பதால் அது எம்.சி.பி.க்கு மாற்றாகாது, அதன் அளவும் 40 ஆம்பியராக இருக்கட்டும்.

வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வேலைப்பொருளிலேயே, பற்றவைக்கும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். எங்கோ ஒரு தூணில் மாட்டினால் வெல்டிங் மின்னோட்டம் வீட்டின் எர்த் ஒயர் வழியாகத் திரும்பி அதைக் கருக்கிவிடக்கூடும்.

கேட்டவர்

நன்றி. தனி லைனே இழுக்கச் சொல்கிறேன். வாசல் கேட்டைச் சரிசெய்ய 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் தேவைப்படும். வீட்டில் இருப்பது 1.5 சதுர மி.மீ. ரீல், அது போதுமா?

பதில் 1

போதாது. 25 மீட்டர் போய்த் திரும்பும் 50 மீட்டரில், 34 ஆம்பியர் ஓடும்போது 20 வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும்; 700 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் அந்த ஒயருக்குள்ளேயே உண்டாகும். ரீலில் சுற்றியபடி பயன்படுத்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகி ஒட்டிக்கொள்ளும். ரப்பர் உறையிட்ட, 4 சதுர மி.மீ.க்குக் குறையாத மூன்று கோர் ஒயரை 32 ஆம்பியர் பிளக்குடன் வாங்கி, முழுவதும் விரித்துப் பயன்படுத்துங்கள். இழப்பு 8 வோல்ட் அளவில் நிற்கும்.