மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காயில்காரன்:
வயது 43. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். மோட்டார் காயில் கட்டுவது தொழில். ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர்வதற்குள் போர்செட்டை ஓட்டித்தான் நாற்றங்கால் விடுவார்கள். எரிந்த மோட்டாரெல்லாம் பட்டறை வாசலில் வரிசையாகக் கிடக்கும். இந்த வருஷம் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காலையில் கை நடுங்குகிறது. கம்பியை உள்ளே இறக்கும்போது எனாமல் உரசிவிடுகிறது, ஓட்டிப் பார்த்தால் ஷார்ட். ஒரு குவார்ட்டர் போனால் கை நிற்கிறது. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முதல் நாளே வாங்கிப் பழைய மோட்டார் கூட்டுக்குள் ஒளித்து வைக்கிறேன்.

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. முன்பு மூன்று முறை சபரிமலைக்கு மாலை போட்டேன். மாலையைக் கழற்றிய ராத்திரியே பழைய கதை. இந்தப் பொங்கலுக்கு நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்தது. துடைப்பத்தால் அடித்தேன். "அங்க ஒண்ணுமே இல்லைங்க" என்று மனைவி அழுதாள். பயந்துபோய் மறுபடி குடித்துவிட்டேன்.

கூட்டம் சர்ச்சில் நடக்கும் என்கிறார்கள், மதம் மாறச் சொல்வார்களா? எவ்வளவு கட்ட வேண்டும்? எழுந்து பேச வேண்டுமா? எல்லாவற்றையும் விட, தெரிந்தவன் யாராவது பார்த்துவிட்டால்? யார் வீட்டு மோட்டார் எந்த வருஷம் எரிந்தது என்பது வரை தெரிந்த ஊர் இது.

பாபநாசத்தார்:
தம்பி, கூட்டம் இருக்கட்டும். முதலில் அந்த எறும்பு. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் பிதற்றுவார், உயிருக்கே ஆபத்து. வீட்டில் வீம்புக்கு நிறுத்தாதீர்கள். தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போய் எறும்பை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, நடுக்கத்தைப் படிப்படியாக இறக்குவார்கள். 'மனநலம்' என்ற போர்டைப் பார்த்து இரண்டு முறை திரும்பி வந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

சரி, கூட்டம். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள், ஒருவர் பங்குச்சந்தை ஆள், ஒருவர் டாக்டர், எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. இன்றைக்கும் அவ்வளவுதான். வாடகை கட்டுப்படியாகிற சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும். பிரார்த்தனை உண்டு, ஆனால் கடவுள் அவரவர் புரிந்துகொண்டபடி. எனக்கு எங்கள் ஊர் ஐயனார். கட்டணம் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள், வெளியாள் பணம் வாங்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், நீங்களும் ஆள்தான். பேர் மட்டும் சொன்னால் போதும். பேச வேண்டாமென்றால் "இன்னைக்குக் கேக்குறேன்" என்று உட்கார்ந்துவிடலாம்.

முதல் நாள் வாசல் டீக்கடையிலேயே மூன்று டீ குடித்தேன். உள்ளே போனபோது ஒருவர், மகள் காதுகுத்துக்கு வாங்கிய தோட்டை அடகு வைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கதைதான், என்னுடையது கொலுசு. யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. அதுவரை டீக்கடைக்காரர் முதல் மைத்துனன் வரை எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னவர்கள்.

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்கள் இருக்கும். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், நேரமும் இடமும் மாறும். பேசுகிறவரும் நம்மைப் போல ஒருவராகத்தான் இருப்பார். 14446 போதையிலிருந்து மீள உதவும் அரசின் கட்டணமில்லா எண், அதிலும் வழி சொல்வார்கள். உள்ளூரில் கூச்சமென்றால் தஞ்சாவூர் போங்கள். நானும் பாபநாசம் பக்கம் விட்டு அங்கேதான் போனேன்.

குடவாசல் அக்கா:
தம்பி, நான் குடித்தவள் இல்லை, குடித்தவரோடு வாழ்ந்தவள். உங்கள் வீட்டம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடு' என்று யாராவது பொடியோ மாத்திரையோ நீட்டினால் வாங்க வேண்டாம். நான் ரசத்தில் கலந்தேன். அன்று அவர் வெளியே குடித்துவிட்டு வந்து, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துத் திண்ணையிலேயே சாய்ந்தார். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அந்த மாத்திரையை டாக்டர் சொல்லி, சாப்பிடுகிறவருக்கும் தெரிந்துதான் கொடுக்க வேண்டுமாம்.

பிறகு, குடிநோய்க்குச் சிகிச்சை தரும் சென்னை டி.டி.கே. ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் பக்கம் மஞ்சக்குடியில் நடத்திய முகாமில் நிறுத்தினார். ஊரிலேயே தங்கவைத்துச் சிகிச்சை, வீட்டாளுக்கும் தனியாகப் பேச்சு. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டமும் உண்டு, கேட்டுப் பாருங்கள். அவர் நிறுத்திய பிறகும் ராத்திரி கேட் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். அதைச் சொல்லி அழ ஓர் இடம் வேண்டியிருந்தது.

காயில்காரன்:
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தேன். எறும்பைச் சொன்னதும் டாக்டர் சிரிக்கவில்லை, சாதாரணமாகக் குறித்துக்கொண்டார். பிறகு தஞ்சாவூரில் இரண்டு கூட்டம் ஆகிவிட்டது. இன்னும் பேசவில்லை. கை முழுசாக நிற்கவில்லை, ஆனால் போன வாரம் ஒரு ஐந்து எச்.பி. மோட்டார் கட்டிக் கொடுத்தேன், ஓடுகிறது.

நான் பயந்தபடியே தெரிந்த முகம் ஒன்று இருந்தது. யாரென்று சொல்ல மாட்டேன். ஒரே பஸ்ஸில் வடுவூர் வரை வந்தோம். அவர் வீட்டு மோட்டார் இரையுது, பேரிங் போயிருக்குமோ என்று கேட்டுக்கொண்டே வந்தார்.