மூடில் ஃபோரத்தில எல்லாரும் ஒரே பதிலைப் போடினம், என்ன செய்யலாம்?

கேள்வி: புவியியல் போதனாசிரியர், யாழ்ப்பாணம்

மூடில் எண்ட இணையக் கற்றல் தளத்தின்ர கலந்துரையாடல் பக்கத்தில (ஃபோரம்) இரண்டாம் வருடப் பிள்ளையளுக்குக் குடுத்த கேள்வி: "குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்று அதிகரிக்கக் காரணங்கள் யாவை?" முதல் வாற பதில் நல்லாத்தான் இருக்கும்: சுண்ணக்கல், யூரியா, மலசலகூடக் குழி. மிச்ச ஆக்கள் அதையே சொல்லை மாத்திப் போடினம், இல்லாட்டி "உடன்படுகிறேன்" எண்டு மட்டும். பங்குபற்றலுக்குப் புள்ளியும் இருக்கு. எதை மாத்தவேணும்?

பதில் 1: மூடில் பராமரிக்கிற ஆள்

'கேள்வி பதில்' வகையில புது ஃபோரம் ஒண்டு திறவுங்கோ. தன்ர பதிலைப் போடாத ஆளுக்கு மற்றவையின்ர பதில் தெரியாது. போட்ட உடனயும் தெரியாது; திருத்துற நேரம் முடியவேணும், வழமையா 30 நிமிடம். இதை முதலே சொல்லாட்டி "ஒண்டும் தெரியேல்லை" எண்டு கோல் எடுப்பினம்.

பிழைக்கிற இடம் இரண்டு. கேள்வியை ஃபோரத்தின்ர விபரிப்பில எழுதினால் பிள்ளையளுக்குப் பதில் போட இடமே இராது, அதை ஒரு தலைப்பாத் திறக்கவேணும். வகுப்பைத் தனித்தனிக் குழுவாப் பிரிச்சிருந்தால், எல்லாருக்கும் பொதுவாப் போட்ட கேள்வியை அவை வாசிக்கலாம், பதில் எழுதேலாது. ஒவ்வொரு குழுவுக்கும் பிரதி போகிற தெரிவில சரி போடுங்கோ.

பதில் 2: விரிவுரையாளர்

அது பாத்து எழுதிறதை மட்டும்தான் நிப்பாட்டும். பட்டியல் கேட்டால் பட்டியல்தான் வரும். ஆளுக்கொரு கிணறு குடுங்கோ: கோப்பாயில செம்மண் தோட்டத்துக் கிணறு, நல்லூரில மலக்குழிக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக் கிணறு. "குடிநீரில நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மாரி தொடங்கினாப்பிறகு உங்கட கிணற்றில நைத்திரேற்று கூடுமோ குறையுமோ, ஏன்?" மழை உரத்தைக் கரைச்சுக் கீழ இறக்கும் எண்டு ஒருத்தர் சொல்லுவார், நீர்மட்டம் ஏறி ஐதாகும் எண்டு இன்னொருத்தர். இரண்டிலயும் நியாயம் இருக்கு, வாதம் அதிலதான் பிடிக்கும்.

புள்ளியை இரண்டாம் பதிவுக்குக் குடுங்கோ. மற்ற ஆளின்ர ஒரு வசனத்தை எடுத்துப் போட்டு, அது தன்ர கிணற்றுக்குப் பொருந்துமோ எண்டு காரணத்தோட எழுதவேணும். தயவுசெய்து முதல் நாளே நீங்கள் விடையைச் சொல்லிப்போடாதேங்கோ. அதுக்குப் பிறகு ஒருத்தரும் எழுதமாட்டினம்.

பதில் 3: நாலாம் வருட மாணவி

சேர், உண்மையான கேள்வியள் வாட்ஸ்அப் குழுவிலதான் வருகுது. பிறகு சேர்ந்த ஆளுக்கு அந்த விளக்கம் கிடையாது, சோதினை நேரம் தேடி எடுக்கவும் ஏலாது. 'கேள்வி பதில்' வகையில மாணவர் புதுத் தலைப்புத் திறக்கேலாது, அதால பக்கத்தில சாதாரண ஃபோரம் ஒண்டும் வேணும். அதில "உதவி" எண்டு தலைப்பு வைக்கவிடாதேங்கோ, "நைத்திரேற்றாக்கத்துக்கு ஒட்சிசன் ஏன் தேவை?" எண்டு வைச்சால்தான் தேடக் கிடைக்கும். தமிழ்த் தட்டச்சு கஷ்டமான ஆக்கள் கையால எழுதிப் படம் போடட்டும், தலைப்பை மட்டும் தட்டச்சுச் செய்தால் காணும்.