‘வூசியா’ என்பதற்கு ‘மறவறம்’: என் பரிந்துரையும் காரணங்களும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சீனத்தில் ‘வூசியா’ எனப்படும், படைக்கலம் ஏந்தித் தமக்கென ஒரு நெறியோடு வாழும் வீரர்களின் கதை வகைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை போர்க்கலைப் படம், வாள்வீரர் படம், வீரசாகசப் படம், வாளறம் என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. சீனச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதும் ஒலிபெயர்ப்பே போதும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் படித்த பிறகு, ‘மறவறம்’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒலிபெயர்ப்பை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கு உயிர்களும் வகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்பது தொல்காப்பியம் கூறும் விதி. அயல்நாட்டு மனிதரின் பெயருக்கோ ஊரின் பெயருக்கோ விதிவிலக்குத் தரலாம். நாள்தோறும் புழங்க வேண்டிய ஒரு வகைப்பெயருக்குத் தருவது சரியாகப் படவில்லை. விதிக்கு உட்படுத்தி ‘ஊசியா’ என்று எழுதினால், அது ஊசியைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

சீனச் சொல்லில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ‘வூ’ என்பது படைக்கலம் சார்ந்த ஆற்றல். ‘சியா’ என்பதற்கு ஒரே சொல்லில் பொருள் கூறுவது கடினம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மெய்யியலாளர் ஹான் ஃபெய், அறிஞர்கள் எழுத்தால் சட்டத்தைக் குலைக்கிறார்கள், சியாக்கள் படைவலியால் தடைகளை மீறுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டினார். அவருக்குப் பின்வந்த வரலாற்றாசிரியர் சீமா சியான், தம் பெருநூலில் அலைந்து திரியும் சியாக்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பவர்கள், பிறர் துன்பம் தீர்க்கத் தம் உடலையும் பொருட்படுத்தாதவர்கள் என்று அதில் பாராட்டினார். ஒருவர் சட்டத்தின் பக்கம் நின்று பார்க்க, மற்றவர் துன்பப்பட்டவனின் பக்கம் நின்று பார்த்தார். இந்த இரண்டு பார்வைகளும் சேர்ந்ததே சியா.

‘போர்க்கலைப் படம்’ என்பதில் ‘வூ’ மட்டும் இருக்கிறது, ‘சியா’ இல்லை. வெறுங்கையால் போரிடும் குங்ஃபூ படத்தையும் அது குறிக்கும் என்பதால், வேறுபடுத்தத் தேடிய சொல்லே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ‘வீரசாகசம்’ இன்னும் அகன்ற சொல். கடற்கொள்ளையர் கதைக்கும் அது பொருந்தும்.

இந்த ‘சியா’ உறுப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு, ஆங் லீ 2000இல் இயக்கிய ‘குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தையே சான்றாகக் காட்டுவேன். சிங் அரசர் காலத்தில் நடக்கும் அக்கதையில் லீ மூபாய் என்ற வாள்வீரனும் யூ ஷூலியன் என்ற வீராங்கனையும் பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். இருவருமே அதைச் சொல்வதில்லை. ஷூலியனுக்கு மணம் பேசியிருந்தவன், மூபாயோடு உறுதிமொழி செய்து உடன்பிறப்பானவன். அவன் போரில் இறந்துவிட்டான். இறந்தவனுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று உயிரோடு இருக்கும் இருவரும் தம்மைக் கட்டிப்போட்டுக்கொள்கிறார்கள். குறுக்கே நிற்பவர் யாருமில்லை. தந்தையோ பகைவனோ அரசனோ அவர்களைப் பிரிக்கவில்லை. அவர்கள் மேற்கொண்ட நெறியே பிரிக்கிறது. வாள்வீச்சை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்தத் துயரம் குறையாமல் நிற்கும். நெறியை நீக்கினால் கதையே இல்லை. ஆகவே நெறியைக் குறிக்கும் உறுப்பு இல்லாத எந்தச் சொல்லும் இவ்வகைக்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

‘மறவறம்’ எனக்குத் தோன்றியதும் இக்கதையை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான். தமிழில் இல்லறம், துறவறம் என்ற இரண்டு சொற்கள் நிலைபெற்றிருக்கின்றன. படத்தின் தொடக்கத்தில் மூபாய் வூடாங் மலையில் தியானத்தை முடிக்காமல் இறங்கி வருகிறான். துறவறம் அவனுக்குக் கைகூடவில்லை. வாளைத் துறந்து ஷூலியனோடு வாழ விரும்புகிறான், இல்லறமும் கைகூடவில்லை. இரண்டுக்கும் நடுவே அவனைப் பிடித்து வைத்திருக்கும் மூன்றாவது அறத்துக்குத் தமிழில் பெயரில்லை. இறுதியில், நஞ்சு தோய்ந்த ஊசி பாய்ந்து அவன் இறந்துகொண்டிருக்கையில், எஞ்சிய மூச்சைத் தியானத்தில் செலுத்தி விடுதலை பெறும்படி ஷூலியன் கேட்கிறாள். அவனோ அந்த மூச்சைத் தன் காதலைச் சொல்வதற்குச் செலவிடுகிறான். அக்காட்சியில் மூன்று அறங்களும் ஒரே மூச்சுக்காக மோதுகின்றன என்றே நான் உணர்கிறேன்.

சொல்லின் அமைப்பிலும் இடரில்லை. மறம், அறம் என்ற இரண்டு சொற்களும் புணரும்போது, மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் தோன்றி ‘மறவறம்’ ஆகும். ‘மறம்’ என்பதற்கு வீரம் என்ற பொருளும் அறத்துக்கு மாறானது என்ற பொருளும் உண்டு. சீமா சியானின் பாராட்டும் ஹான் ஃபெய்யின் குற்றச்சாட்டும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ‘அறத்திற்கே அன்புசார் பென்ப அறியார் மறத்திற்கும் அஃதே துணை’ என்ற 76ஆம் குறளையும் நினைத்துப் பார்க்கலாம். மறத்தை நீக்குவதற்கும் அன்பே துணை என்று பரிமேலழகர் உரைகொள்ள, வீரத்துக்கும் அதுவே துணை என்று மு. வரதராசனார் உரைகொண்டார். இரண்டாம் உரை, காதலும் வாளும் பிரிக்க முடியாமல் பிணைந்திருக்கும் இக்கதைகளுக்கு மிக அணுக்கமானது.

கொலை செய்பவர்களின் கதைக்கு ‘அறம்’ என்ற உயர்ந்த சொல் தகுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இல்லறத்தில் இருப்போர் அனைவரும் நல்லோர் என்று அச்சொல் கூறுவதில்லை. தனக்கென விதிகளையுடைய ஒரு வாழ்க்கை முறை என்றே கூறுகிறது. ஜாங் யீமோ 2004இல் இயக்கிய ‘ஹவுஸ் ஆஃப் ஃபிளையிங் டாகர்ஸ்’ படத்தில் அந்த விதிகள் மீறப்படுகின்றன. கி.பி. 859இல், டாங் அரசு தளர்ந்துவரும் காலத்தில் நடக்கும் அக்கதையில் அரசுக் காவலன் கடமையை விட்டு மெய் என்ற பெண்ணின் பின்னே போகிறான். அவளும் தன் கூட்டத்தை விட்டு அவனிடம் திரும்புகிறாள். அவனைக் காப்பதற்காக, பிடுங்கினால் உயிர் போகும் என்று தெரிந்தே தன் மார்பில் தைத்த கத்தியை அவள் பிடுங்குகிறாள். மீறுவதற்கு ஒரு நெறி இருப்பதனால்தான் அந்த மீறலுக்கு அத்தனை கனம் கிடைக்கிறது.

‘வாளறம்’ என்ற பரிந்துரை அழகானது, சுருக்கமானது. எனினும் இக்கதைகளில் ஈட்டியும் எறிகத்தியும் வெறுங்கையும் உண்டு என்பதால் வாள் என்பது குறுகிய சொல். ‘வாள்வீரர்’ என்பதற்கும் இதே குறை பொருந்தும். ‘ஆண்மை’ என்ற சொல்லை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று இடையில் வந்த யோசனையை முற்றிலும் விலக்க வேண்டுகிறேன். நடிகை செங் பெய்பெய் 1966இல் வாளேந்தி நடித்த காலத்திலிருந்தே இவ்வகைப் படங்களின் நடுவே பெண்கள் நின்றிருக்கிறார்கள். அதே செங் பெய்பெய்தான் 2000இல், மூபாயின் உயிரைப் பறித்த ஊசியை ஏவியவளாகவும் நடித்தார்.

ஏற்கப்பட்டால் மறவறப் படம், மறவறப் புதினம் என்று ஆளலாம். அந்நெறியில் நிற்பவரை, இல்லறத்தார் என்பதைப் போல, ஆண் பெண் வேறுபாடின்றி ‘மறவறத்தார்’ எனலாம்.

ஓர் ஐயம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. சொல்லின் முற்பகுதியைப் பார்ப்பவர், அது ஒரு சமூகத்தின் பெயரான ‘மறவர்’ என்பதிலிருந்து வந்ததாக எண்ணக்கூடும். அவ்வாறு வந்திருந்தால் ‘மறவரறம்’ என்றே இருக்கும் என்பது இலக்கணம் அறிந்தவருக்கு விளங்கும்; திரைப்பட அறிமுகத்தில் முதன்முறை இதைக் காணும் வாசகருக்கு விளங்குமா என்பதைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள். அந்த மயக்கம் பெரிது என்று பலரும் கருதினால், குறுகலாக இருந்தாலும் ‘வாளறம்’ என்பதையே ஏற்க நான் உடன்படுகிறேன்.