தோப்பில் களை மேயச் சிறிய செம்மறி இனம்: ஆலோசனை வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்துள்ள எங்கள் கொய்யா, எலுமிச்சைத் தோப்பில் களையைக் கட்டுப்படுத்தச் சில செம்மறிகளை வளர்க்க எண்ணியுள்ளேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் தோன்றிய சவுத்டவுன் இனத்தின் குட்டை வகையான பேபிடால், கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பில்லாமல், இரண்டடி உயரத்துக்குள் அடங்கி, சாதுவாகப் பழகுவதால், இறைச்சிக்கும் கம்பளிக்கும் மட்டுமன்றி, திராட்சைத் தோட்டங்களில் உயரக் கிளைகளை எட்டாமல் புல்லை மேயவும் வெளிநாடுகளில் பயன்படுகிறது. ஆயினும் அந்த அடர்ந்த கம்பளியோடு அதைச் செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் நிறுத்துவது பாவம். எனக்கு அதில் விருப்பமில்லை.

நம் பக்கத்து ‘இராமநாதபுரம் வெள்ளை’ இனம் வெயிலைத் தாங்கும் என்றாலும், கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு. மேச்சேரி இனத்துக்குக் கொம்பில்லை, கர்நாடகத்தின் மண்டியா இனத்துக்கும் கொம்பில்லை, உருவமும் குட்டை. இவ்விரண்டில் ஒன்றைத் தோப்புக்குள் மேயவிட்ட அனுபவமுள்ளவர்கள், அவை இளம் மரக்கன்றுகளின் பட்டையைக் கடிக்கின்றனவா, எத்தனை வயது மரங்களுக்கிடையே அச்சமின்றி விடலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். செம்மறிக்குத் தாமிரம் எளிதில் நஞ்சாகும் என்பதால், தாமிரம் சேர்ந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை தெளித்த மரங்களின் கீழ் எவ்வளவு நாள் கழித்து மேயவிடுகிறீர்கள் என்பதையும் அவசியம் கூறுங்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் நல்ல மண்டியாக் குட்டிகள் கிடைக்கும் சந்தை எது என்று சொன்னாலும் பேருதவியாக இருக்கும்.