மோர் ஊற்றும் விளம்பரத்தை நீக்கச் சொன்ன முதலாளி செய்தது சரியா?

விளக்குத்தூண்_வாசி:
மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பர வேலை பார்க்கிறேன், கடைப் பெயர் வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்காக 30 வினாடி வீடியோ ஒன்று எடுத்தோம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் திரும்புகிறது, கோரிப்பாளையம் தர்கா பக்கம் தண்ணீர்ப் பந்தலில் ஒரு பாய் மோர் ஊற்றிக் கொடுக்கிறார், அந்தம்மா முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைக்கிறார். முந்தானை நம் கடைச் சேலை, அவ்வளவுதான் கதை.

மறுநாளே ஆரம்பித்தது. சாமி பார்க்கப் போகிற இடத்தில் இவர்களுக்கு என்ன வேலை, இந்தக் கடையில் யாரும் துணி எடுக்காதீர்கள் என்று ஒரு கூட்டம். பின்னாலேயே இன்னொரு கூட்டம், தர்காவும் திருவிழாவும் மார்க்கத்துக்கு விரோதம், ஒரு முஸ்லிமை அதில் எப்படிக் காட்டலாம் என்று. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் மோர் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். சாயங்காலம் நாலு பேர் கடைக்கே வந்து பேசிவிட்டுப் போனார்கள். இரவு முதலாளி வீடியோவை நீக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது என் வாட்ஸப்பில் "அருமையா இருந்துச்சு தம்பி, ஏன் எடுத்தீங்க" என்று தனித்தனியாக வந்துகொண்டே இருக்கிறது. வீடியோ இருந்த இரண்டு நாளில் இவர்களில் ஒருவர்கூட அதன் கீழே எழுதவில்லை. முதலாளி மேல் கோபப்படுவதா, இவர்கள் மேலா?

கல்லாப்பெட்டி:
நானும் கடை வைத்திருப்பவன், அதனால் முதலாளியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு ஒரு கல் விழுந்தால் அடிபடப்போவது வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடும் பிள்ளைகள்தான். நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து தைரியம் பேசலாம். சரி, அந்த நாலு பேர் வந்தபோது கடையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதைச் சொல்லவில்லையே.

திருநகர்:
அண்ணே சொல்வது நியாயம், ஆனால் பெரிய கம்பெனிகளும் இதே காரணத்தைத்தான் சொல்கின்றன. 2020 அக்டோபரில் டாடாவின் தனிஷ்க் நகைக்கடை ஒரு வளைகாப்பு விளம்பரம் போட்டது, முஸ்லிம் மாமியார் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதாக. எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள், ஊழியர்களின் நலனையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். டாடா கம்பெனிக்கே அந்தப் பயம் என்றால் விளக்குத்தூண் கடைக்கு எவ்வளவு இருக்கும்! அதற்கு முந்தைய வருடம் சர்ப் எக்செல் ஹோலி விளம்பரத்துக்கும் இதே கூச்சல், அவர்கள் எடுக்கவில்லை, கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடவும் இல்லை. (கோபத்தில் சிலர் மைக்ரோசாப்ட் எக்செல் செயலிக்குப் போய் ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டு வந்த கூத்தும் அப்போதுதான்.)

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2011 டிசம்பரில் அமெரிக்காவில் லோவ்ஸ் என்ற பெரிய கட்டுமானப் பொருள் கடை, சாதாரண முஸ்லிம் குடும்பங்களைக் காட்டிய ஒரு டிவி தொடரிலிருந்து தன் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. புளோரிடாவில் ஒரு அமைப்பு கொடுத்த நெருக்கடி. அவர்களுடைய புகாரே, இப்படிச் சாதாரணமானவர்களாகக் காட்டி ஆபத்தை மறைக்கிறீர்கள் என்பதுதான். உங்கள் வீடியோவிலும் உறுத்தியது அதுதான் தம்பி, மோர் ஊற்றுவது சாதாரணமாக இருந்தது.

2025 பிப்ரவரியில், கோயிலும் தர்காவும் இருக்கும் திருப்பரங்குன்றம் மலைப் பிரச்சினையில் தடை உத்தரவு போட்டார்களே, அப்போது எங்கள் டீக்கடையில் எல்லாரும் மெதுவான குரலில் "நாம ஒண்ணாத்தானே இருந்தோம்" என்றோம். கடைக்கு வெளியே வந்து அதைச் சொன்னவர் யாரும் இல்லை. நானும் சொல்லவில்லை.

காஜிமார்தெரு:
எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வாப்பா பல வருஷம் அழகர் வரும் அன்று ரோஸ்மில்க் கலக்கிக் கொடுத்தவர். ஒரு வருஷம் இரண்டு இளவட்டங்கள் வீட்டுக்கு வந்து, இது அல்லாவுக்கு இணைவைப்பு, நிறுத்துங்கள் என்றார்கள். தெருவில் அத்தனை பெரியவர்கள், "பையனுங்க ஏதோ படிச்சுட்டுப் பேசுறானுங்க, விடுங்க பாய்" என்று நழுவிவிட்டார்கள். வாப்பா நிறுத்தவில்லை, ஆனால் கூட நின்று கலக்க ஆள் குறைந்துபோனது. அந்தக் குறைந்த ஆட்களில் நானும் ஒருவன், காலேஜ் பரீட்சை என்று காரணம் சொன்னேன்.

வண்டியூர்க்காரன்:
எனக்குக் கடைக்காரர் மேல் பரிதாபம் வரவில்லை. ஒற்றுமையைக் காட்டிச் சேலை விற்கத் தெரிந்தவருக்கு இரண்டு நாள் அதற்காக நிற்கத் தெரியவில்லை. எங்கள் ஊருக்கு அழகர் வந்து தங்குவதைத் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்றுதான் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம், அதற்கு எந்த ஸ்பான்சரும் இல்லை. எடுப்பதாக இருந்தால் போட்டிருக்கவே கூடாது. இப்போது, மிரட்டினால் வேலை நடக்கும் என்று அந்த நாலு பேருக்கும் தெரிந்துபோச்சு, அடுத்த கடைக்குப் போவார்கள்.

விளக்குத்தூண்_வாசி:
கல்லாப்பெட்டி அண்ணனுக்கு: துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பில் போடாமல் போய்விட்டார்கள்.

இன்று காலை அந்த வாட்ஸப் செய்திகளையெல்லாம் முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார், சிலரைப் பெயர் சொல்லியே தெரிகிறது அவருக்கு, பழைய வாடிக்கையாளர்கள். "எதிர்த்து நூறு பேர் ஊரறிய எழுதினான், இவங்க உன் காதுல சொல்றாங்க, நான் எதை வச்சு முடிவு எடுக்கிறது" என்றார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "ஆமா, நீ உன் பேர்ல ஏதாவது எழுதினியா?" என்று கேட்டார்.

எழுதவில்லை. இங்கேகூட என் பெயரில் எழுதவில்லை.